பில் வராத வலி

கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஸ்கேன் சென்டரில், பணம் கட்டும் ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்த மகிழனைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. குற்றம் அவனுடையதல்ல, சட்டத்தினுடையது.

இத்தனைக்கும் அது நல்ல சட்டம்தான். அதற்கு முந்தைய காலத்தில் தலைவலி என்று போனாலும் ஸ்கேன், கால் சுளுக்கு என்று போனாலும் ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்தார்கள். வளையல் சங்கிலி எல்லாம் அடகுக் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறீர்கள்" என்று சிரித்த முகத்துடன் அனுப்பி வைத்தார்கள். ஒன்றுமில்லாததற்கு எதற்கையா காசு என்று ஜனங்கள் கொதித்துப்போய்த் தெருவுக்கு வந்தார்கள். உடம்பு முழுவதையும் ஒரே மூச்சில் படம் பிடித்து, எங்கே என்ன கோளாறு என்று தானே சொல்லிவிடும் இயந்திரங்கள் அப்போதுதான் ஊருக்கு ஊர் வந்திறங்கியிருந்தன. அவற்றை நம்பிச் சட்டம் எழுதினார்கள். படத்தில் நோய் தெரிந்தால் கட்டணம். தெரியாவிட்டால் சல்லிக் காசு வாங்கக் கூடாது. பயமுறுத்திவிட்டுப் பணம் பிடுங்குவதைத் தடுக்க, முதலில் பில், அதற்குப் பிறகுதான் டாக்டரின் விளக்கம். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் விளக்கம். பில் இல்லாதவருக்கு எந்த ஊரிலும் எந்த டாக்டரையும் பார்க்கவே வேலையில்லை.

எழுதியவர்கள் புத்திசாலிகள்தான். ஆனால் பில்லே சேதியாகிவிடும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஸ்கேன் முடிந்து வருகிறவரின் குடும்பம் மொத்தமும் ஜன்னலுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பச்சை விளக்கு எரிந்தால் நோயில்லை. கட்டிப் பிடித்துக்கொள்வார்கள், எதிரில் இருக்கும் பேக்கரிக்குப் போய் மைசூர்பாகு வாங்கி முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் நீட்டுவார்கள். அந்த பேக்கரிக்காரர் இரண்டு மாடி கட்டியதே இந்தப் பச்சை விளக்கை வைத்துத்தான். விளக்கு எரியாமல் மகிழனின் பக்கத்தில் இருக்கும் பிரின்டர் கரகரவென்று ஓட ஆரம்பித்தால், அவ்வளவுதான், கூடத்தில் ஈ பறக்கிற சத்தம் கேட்கும். கல்யாண விளம்பரங்களில் 'மூன்று தலைமுறையாகப் பில் வராத குடும்பம்' என்று போட்டுக்கொண்டார்கள். பெரியவர்கள் காலில் விழுந்தால், "பில் வாங்காம இருக்கோணும் கண்ணு" என்று ஆசீர்வாதம் செய்தார்கள்.

அந்தப் பில்லைக் கிழித்துக் கொடுப்பது மகிழனின் வேலை. அவன் முகத்தைப் பார்த்தே நோயின் அளவைக் கண்டுபிடிக்க ஜனங்கள் பழகிவிட்டதால், எல்லாருக்கும் ஒரே மாதிரியாக, பல்லும் தெரியாமல் உதடும் சுளிக்காமல் ஒரு சிரிப்பைத் தயார் செய்து வைத்திருந்தான். விசேஷ வீடுகளில் அவனைக் கண்டால் பத்திரிகை கொடுத்தவர்களே ஒரு நிமிடம் தடுமாறுவார்கள். மாப்பிள்ளை பெண்ணோடு போட்டோ எடுக்க அவனை மட்டும் யாரும் மேடைக்குக் கூப்பிடமாட்டார்கள், ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பந்தியின் கடைசி வரிசையில் அன்பாக உட்கார வைப்பார்கள். தனக்கு இதெல்லாம் பழகிவிட்டது என்று மனைவியிடம் அடிக்கடி சொல்வான். அவள் நம்பியதில்லை.

இப்படிப்பட்டவனைத் தேடி, பில் கொடு என்று கேட்டு ஒருத்தி வந்தாள் என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்?

அவள் பெயர் சம்யுக்தா. அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. கல்லூரிக்குப் பக்கத்தில் மெஸ் நடத்துகிறாள். அடிவயிற்றில் வலது பக்கம், தொடை சேருகிற இடத்தில் அவளுக்கு வலி. சாம்பார் அண்டாவைத் தூக்கும்போது பிடுங்கி எடுக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, சில வருஷம் இரண்டு தடவை வந்து ஸ்கேனில் படுப்பாள். ஒவ்வொரு தடவையும் பச்சை விளக்கு எரியும். ஒவ்வொரு தடவையும் அவள் கணவர் ஹரீஷ் குதூகலமாக மைசூர்பாகு வாங்கப் போவார். ஹரீஷ் கெட்டவர் இல்லை. மனைவிக்கு ஒன்றுமில்லை என்பதில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில், அவள் வலிக்கிறது என்று சொல்வதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெஷினே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதே, வேலை செய்ய அலுப்பாக இருந்தால் அதைச் சொல்லிவிட்டுப் போயேன் என்று வேடிக்கை பேசுவார். மகனும் அதையே சொன்னான். மெஸ்ஸில் வேலை செய்கிறவர்களும் முகத்துக்கு நேரே சொல்லாமல் அதையே நினைத்தார்கள். அவளும் அண்டாவைத் தூக்கிக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்குப் பச்சை விளக்கு எரிந்து ஹரீஷ் பேக்கரிக்குக் கிளம்பியதும் அவள் ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

"தம்பி, எனக்கு ஒரு பில் போட்டுக் குடுங்க. எவ்வளவு ஆனாலும் கட்டீர்றேன்" என்றாள்.

மகிழன் சிரிக்கப் போனான். அவள் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். நோயில்லாதவருக்குப் பில் போட்டால் சென்டரை மூடிவிடுவார்கள், நானும் உள்ளே போக வேண்டியதுதான், பில்லை நான் அடிப்பதில்லையக்கா, மெஷின்தான் அடிக்கிறது, நான் கிழித்துத் தருகிறேன், அவ்வளவுதான் என்றெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னான். பில் இல்லாமல் டாக்டரின் கதவு கூடத் திறக்காது. பில்லைக் காட்டினால்தான் பூட்டு விலகும்.

"அந்தக் கதவுக்காகத்தானுங்க கேக்கறேன்" என்றாள் அவள். "இத்தன வருஷமா வர்றேன். எங்க வலிக்குதுன்னு இன்னும் ஒருத்தரும் என்னையக் கேக்கலைங்க தம்பி. படுங்கறாங்க, படுக்கறேன். எந்திரிங்கறாங்க, எந்திரிக்கறேன். இனிப்பு குடுக்கறாங்க, திங்கறேன். எனக்கு மைசூர்பாகே புடிக்காதுங்க."

மகிழனுக்குச் சட்டென்று வெட்கமாகிவிட்டது. தானும் இத்தனை வருஷமாக அவளைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கேட்டான். அவள் சொன்னாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவனும் நடுவில் பேசாமல் கேட்டான். நிற்கும்போது வலிக்கிறது, படுத்தால் நின்றுவிடுகிறது என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் பொய் சொல்கிறவள் வலி நிற்கிற நேரத்தைக் கூடவா சொல்வாள் என்று பட்டது.

மறுநாள் ஹரீஷையும் கூட்டிக்கொண்டு வந்து விடியற்காலையிலேயே புது டோக்கன் போடச் சொல்லி அவளை அனுப்பினான்.

அவன் போட்ட திட்டம் இதுதான். தினமும் காலையில் சென்டரைத் திறக்கிறவன் அவன். இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, முதலில் ஒரு ஆள் உள்ளே படுக்க வேண்டும். அந்த ஆளும் அவன்தான். அந்தப் படத்தை யாரும் படிக்கக் கூடாது, உடனே அழித்துவிட வேண்டும் என்பது விதி, ஏனென்றால் பில் இல்லாத படத்துக்கு விளக்கம் கிடையாது. ஆக அவன் தினமும் படுப்பான், இயந்திரம் தினமும் பார்க்கும், ஆனால் எதையும் சொல்லாது. வாலிப வயதில் வேறு ஊரில் வேறு ஒரு டாக்டர் அவன் பித்தப்பையில் சின்னக் கல் இருப்பதாகவும், அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் சொல்லியிருந்தார். அந்தக் கல்லுக்கு வேலை வந்தது. சம்யுக்தாவின் டோக்கன் பட்டையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அவன் படுத்துவிட்டால், அவன் கல்லுக்கு அவள் பெயரில் பில் வரும். பில் வந்தால் கதவு திறக்கும். சென்டரின் டாக்டர் யாழினி அவளை எங்கே வலிக்கிறது என்று கேட்பாள். அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. பில்லைத் தானே கட்டிவிடுவதாக மட்டும் முடிவு செய்திருந்தான்.

காலையில் ஹரீஷ் கூடத்தில் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தார். சம்யுக்தா உடை மாற்றும் அறைக்குள் போனாள், கதவிடுக்கு வழியாகப் பட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். மகிழன் போய்ப் படுத்தான். இயந்திரம் வழக்கம்போல ஒருமுறை அவனை விழுங்கித் துப்பியது. பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓடிவந்து ஜன்னலுக்குள் தன் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். சம்யுக்தா வெளியே வந்து ஹரீஷின் பக்கத்தில் நின்றாள்.

பிரின்டர் ஓடியது.

ஹரீஷின் கொட்டாவி பாதியில் நின்றது. சம்யுக்தாவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. பிள்ளை பரீட்சையில் தேறியது போல ஜன்னலை நோக்கி வந்தாள். மகிழன் தாளைக் கிழித்தான். முதல் வரியில் பித்தப்பைக் கல், அவன் எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே இரண்டாவதாக ஒரு வரி இருந்தது.

அதில் வெறும் குறியீட்டு எண்தான் இருந்தது, ஆனால் அந்த எண் அவனுக்குத் தெரியும். அந்த எண் வாங்கிப் போனவர்களில் சிலர் கொஞ்ச காலம் கழித்து இளைத்துப்போய் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறான். சிலர் நன்றாகவே வந்தார்கள். சிலர் வரவில்லை. தயார் செய்து வைத்திருந்த சிரிப்பைத் தேடினான், அகப்படவில்லை.

"என்னங்க தம்பி, குடுங்க" என்று சம்யுக்தா கையை நீட்டினாள். கொடுத்தான். அவள் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு டாக்டரின் கதவை நோக்கி நடந்தாள். கதவு திறந்தது. துணைக்குப் போக வேண்டிய ஹரீஷ் எழுந்திருக்கவே இல்லை. முகத்தில் ரத்தமே இல்லாமல், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகிழனும் உட்கார்ந்திருந்தான். அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள், பச்சை விளக்குகள் எரிந்தன, யாரோ மைசூர்பாகு நீட்டினார்கள், வாங்கி வைத்தான். அவள் மேல் வழக்கு வந்துவிடுமா, தன் மேல் வருமா, இரண்டாவது வரியைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது, மனைவியிடம் என்ன சொல்வது என்று எண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்தன. பில் அவன் பெயரில் இல்லை. அவன் உடம்பில் என்ன இருக்கிறது என்று கேட்க அவனுக்கு உரிமை இல்லை.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் கதவைத் திறந்து ஹரீஷை உள்ளே கூப்பிட்டாள். அவர் தயங்கித் தயங்கிப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய வலது கை விரிந்தபடியே இருந்தது, அதில் எதையோ வைத்திருப்பவர்போல. நேராக ஜன்னலுக்கு வந்தார்.

"அவ அடிவயித்துல கையை வைங்கன்னு சொன்னாங்க. வெச்சேன். அவள இருமச் சொன்னாங்க. என்னமோ உருண்டையா அப்படியே என்ற உள்ளங்கையில வந்து முட்டுச்சுங்க" என்றார். "இத்தன வருஷம் அவகிட்ட வெளையாட்டு பேசிட்டு இருந்திருக்கறேனுங்க நான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெஸ்ஸுக்குப் போன் போட்டு இன்றைக்கு அடுப்பு மூட்ட வேண்டாம் என்றார். இனிமேல் அண்டாவை எவனாவது சம்யுக்தா கையில் கொடுத்தால் நடப்பதே வேறு என்று எதிரில் நின்றவனை மிரட்டுவதுபோலச் சத்தம் போட்டார். பிறகு அவளுக்குப் பிடித்த காரபூந்தி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

மகிழனுக்கு அந்தச் சந்தோஷம் பாதிதான் இறங்கியது. அதற்குள் டாக்டர் யாழினியே ஜன்னலுக்கு வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயதுப் பெண், சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவள். அவளுடைய அறையில் பேசுவது அத்தனையும் சட்டப்படி பதிவாகும் என்பதால்தான் வெளியே வந்திருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

"அண்ணா, அந்தம்மாவுக்குப் புராஸ்டேட் இருக்கு" என்றாள் மெதுவாக.

மகிழன் நாக்கைக் கடித்துக்கொண்டான். இத்தனை வருஷமாகப் பில்லை மட்டுமே பார்த்துப் பழகியவன். படம் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஆணுக்கு மட்டுமே உள்ள அந்தச் சுரப்பியும் தெரியும் என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை. நோயை எண்ணிக் காசு போடும் இயந்திரத்துக்கும் அது தோன்றவில்லை.

"டாக்டர், அது வந்து—"

"யாருன்னு சொல்லாதீங்க. சொன்னா நான் மேலிடத்துக்கு எழுதியாகணும்." அவள் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். "படத்தப் பாத்ததும் எனக்கு ஒண்ணுமே ஓடலை. படம் அவங்களோடது இல்ல. வேற வழியில்லாம, உங்களுக்கு என்னம்மா பண்ணுதுன்னு கேட்டேன். இந்த வேலைக்கு வந்தப்புறம் நான் யாரையும் அப்படிக் கேட்டதே இல்லைண்ணா. நிக்க வெச்சு, கையை வெச்சுப் பாத்தேன். குடலிறக்கம். நின்னா வெளிய வருது, படுத்தா உள்ள போயிடுது. மெஷின் எல்லாரையும் படுக்க வெச்சுத்தான பாக்குது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா குடல் மாட்டிக்கிட்டு உயிருக்கே ஆபத்தாயிருக்கும். பெருந்துறை பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டேன். சின்ன ஆபரேஷன்தான்."

"அதுக்கு பில்லுங்க?"

"கையால பாக்கறதுக்குச் சட்டத்துல கட்டணமே இல்ல. படத்துக்குத்தான் இருக்கு." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள். "ஆனா அந்த பில்லுக்கு விளக்கம் இன்னும் பாக்கி. பில் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு நான் சொல்லியே ஆகணும், வேற யாருக்கும் சொல்லக் கூடாது. துணைக்கு ஒருத்தர் கூட உக்காரலாம். அவங்க வீட்டுக்காரர் காரபூந்தி வாங்கப் போயிட்டாராம். உங்களத்தான் துணைக்கு வரச் சொல்றாங்க."

மகிழன் ஜன்னலை மூடிவிட்டு எழுந்து போனான். அந்தச் சென்டரில் சேர்ந்த நாளிலிருந்து டாக்டரின் அறைக்குள் அவன் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. சம்யுக்தா ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். மேஜையில் பதிவுக் கருவியின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"உங்க இடது கிட்னியில ஒரு சின்னக் கட்டி இருக்கும்மா" என்றாள் டாக்டர் யாழினி, சம்யுக்தாவைப் பார்த்து. "நிலக்கடலை அளவுதான். ஆரம்பத்துலயே தெரிஞ்சிடுச்சு. இப்பவே எடுத்துட்டா நல்லபடியா குணமாகும்."

மகிழனின் கை நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்தது. சம்யுக்தா ஒரு நொடி அவனைத் திரும்பிப் பார்த்தாள். யாருடைய கிட்னி என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மெஸ்ஸுக்குக் காய்கறி கொண்டுவருகிறவனிடம் பேசுகிற தோரணையில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பல வருஷமாக வாயைத் திறக்க இடமில்லாமல் இருந்தவள் அல்லவா.

"எனக்கு வலியே இல்லீங்களே டாக்டர்?"

"இது வலிக்காதும்மா. வலிக்கிற வரைக்கும் விட்டாத்தான் கஷ்டம்."

அப்புறம் அவள் விடவே இல்லை. கிட்னி மொத்தத்தையும் எடுப்பார்களா, கட்டியை மட்டுமா? கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்றாள் டாக்டர். உட்கார்ந்து செய்கிற வேலைதான், எப்போது திரும்பவும் போகலாம்? ஒரு மாதத்தில் போகலாம். உப்பைக் குறைக்க வேண்டுமா, தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும், கூட இருந்து பார்த்துக்கொள்ள எத்தனை பேர் வேண்டும் என்று அவள் கேட்கக் கேட்க டாக்டர் பதில் சொன்னாள். மகிழன் தன்னால் கேட்க முடியாத ஒவ்வொன்றும் அவள் வாயிலிருந்து வருவதை ஆச்சரியத்தோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

"மறுபடியும் ஒருக்கா ஸ்கேன் எடுக்கோணுமாங்க?"

"எடுக்கணும். இந்தத் தடவை சரியான பேர்ல—" டாக்டர் இருமினாள். "சரியான முறையில எடுத்துக்கணும். நாளைக்கே எடுத்துக்கறது நல்லது."

"ஊட்டுல எப்படிங்க சொல்றது? என்ற சம்சாரம் பயந்துக்குவாளே." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "வீட்டுக்காரர். வீட்டுக்காரர் பயந்துக்குவாரு" என்று சிவப்புப் புள்ளியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

டாக்டர் முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. மகிழனுக்கும் அந்த நிலைமையில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவன் குனிந்து சம்யுக்தாவின் காதருகில் ஏதோ கேட்டான். அவள் தலையாட்டினாள்.

"கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேனுங்க டாக்டர். ஆபரேஷனுக்கப்புறம் எனக்கு வலிக்குமா?"

டாக்டர் யாழினி திரும்பினாள். இந்தத் தடவை அவள் சம்யுக்தாவைப் பார்க்கவில்லை, மகிழனைப் பார்த்தாள்.

"வலிக்கும்மா. கொஞ்ச நாளைக்கு நல்லாவே வலிக்கும். வலிக்குதுன்னு சொல்லுங்க, நாங்க நம்புவோம்."

சம்யுக்தா மகிழனின் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"கேட்டுக்கிட்டீங்களா தம்பி?" என்றாள்.